அந்தச் சட்டையை உதறாதீங்க!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. 1,600 கோடியை 2 லட்சத்தால் வகுத்தால் எவ்வளவு?

80 ஆயிரம். கரெக்ட்!

அந்த 1,600 கோடி, நம் ஒவ்வொருவரின் பெருமூளை மேலுறையில் இருக்கும் நியூரான்களின் சுமாரான எண்ணிக்கை. யோசிப்பது, பேசுவது, ராத்திரி முழுக்கப் படித்ததைப் பரீட்சை ஹாலில் தேடுவது எல்லாம் நடக்கிற ஏரியா அதுதான். அந்த 2 லட்சம்? 20 வாரங்களில் இருக்கும் நிமிடங்கள். இந்த நியூரான்களில் பெரும்பாலானவை அம்மா வயிற்றுக்குள், ஏறக்குறைய அந்த 20 வாரங்களில்தான் பிறக்கின்றன. ஆக, சராசரியாக நிமிடத்துக்கு 80 ஆயிரம் நியூரான்! கும்மிடிப்பூண்டியில் லோக்கல் ஏறி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு, கவரப்பேட்டை தாண்டிப் பொன்னேரி வருவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கை நான் போட்டது கிளாஸ்ரூமில் இல்லை. அதே டிரெயினில், 2025 ஜனவரியில் ஒரு சாயங்காலம். காரணம், என் அக்கா. அப்போது அவளுக்கு 17-வது வாரம்.

சரி, மேட்டருக்கு வருகிறேன்.

நான் ட்ரிபிள் ஈ ஸ்டூடண்ட். கூடவே இந்த இதழுக்கு மாணவ நிருபர். வீடு கும்மிடிப்பூண்டியில், சிப்காட் பக்கம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மூளையைப் பற்றி ஒரு பெரிய வேலை நடந்திருக்கிறது, கேம்பஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி எழுது என்று எனக்கு அசைன்மென்ட் வந்தது. 'மூளையா? எனக்கா?' என்று பிரெண்ட்ஸ் ஓட்டினார்கள். நானும் பயந்துகொண்டேதான் படிக்க உட்கார்ந்தேன்.

படித்தால், முதல் ஆச்சரியமே சூப்பர்! ஐ.ஐ.டி. மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் என்று ஒன்று 2022-ல் ஆரம்பித்தார்கள். அதன் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். அவர் டாக்டராக இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை பாஸ், எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பேராசிரியர்! நம்ம டிபார்ட்மென்ட்!

2024 டிசம்பரில் அந்த மையம் வெளியிட்டதுதான் 'தரணி'. வயிற்றில் வளரும் சிசுவின் மூளை எப்படி இருக்கும் என்பதற்கான வரைபடம். 14-வது வாரத்திலிருந்து 24-வது வாரம் வரை வெவ்வேறு கட்டத்தில் இருந்த ஐந்து மூளைகள். பிறக்காமலே போன சிசுக்களுடையவை. அவற்றை உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குப் படம் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். அந்தப் படங்களை மறுபடி அடுக்கி, முப்பரிமாணத்தில் மூளையாகக் கட்டியிருக்கிறார்கள். சீவுவது, ஸ்கேன் செய்வது, மலைமலையாகக் குவியும் டேட்டாவைக் கட்டி மேய்ப்பது என்று பாதி வேலைக்கு மேல் இன்ஜினீயரிங்!

பெரிய விஷயம் என்னவென்றால், அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் என்றால், கும்மிடிப்பூண்டி லோக்கலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த நானும்தான்.

என் போனில் நான் திறந்தது 17-வது வாரத்து மூளை.

பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி மடிப்பு மடிப்பாக, வால்நட் பருப்பு மாதிரி இல்லை. வழவழவென்று இருந்தது. பெரிசாக்கிப் பார்த்தால், கடுகு கொட்டின மாதிரி செல்கள். உள்பக்கம் ஒரு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு. அங்கிருந்து வெளிப்பக்கம் வரை வரிசை வரிசையாக.

அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நியூரான்கள் தங்கள் சீட்டிலேயே பிறப்பதில்லை. மூளையின் நடுவில், திரவம் நிறைந்த அறைகளின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து மேலே ஏறிப் போகவேண்டும். ஏறுவதற்குக் கயிறு மாதிரி நீளநீளமான செல்கள் நிற்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டு நியூரான் ஏறுவதை, பாஸ்கோ ராகிச் என்ற விஞ்ஞானி 1970-களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். இதில் ஒரு விசேஷம். முதலில் வந்தவர் கீழ் வரிசையில் உட்காருவார். பின்னால் வருகிறவர் அவரைத் தாண்டி மேலே போய் உட்காரவேண்டும். காலை 7 மணி லோக்கலில், வாசலில் நிற்கிறவர்களை இடித்துத் தாண்டி உள்ளே போகிறோமே, அதேதான். ஒரே வித்தியாசம், அங்கே யாரும் திட்டுவதில்லை.

சீட் கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு நியூரானும் ஒரு நீளமான இழையை நீட்டி, தான் பேசவேண்டிய இன்னொரு நியூரானைத் தேடிப் போகிறது. அந்த இழையின் நுனி, கரன்ட் போன வீட்டில் சுவரைத் தடவித் தடவி ஸ்விட்ச் போர்டைத் தேடுகிற கை மாதிரி அலையும். இதை 1890-லேயே ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காஹல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லிவிட்டார்.

அந்தக் கைக்கு வழி காட்டுவது எது? அதைத் தேடியவர்களில் ஒருவர் ரீட்டா லெவி மொன்டால்சினி. இத்தாலிக்காரர், யூதர். 1938-ல் முசோலினி அரசு போட்ட இனச் சட்டத்தால் அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியது. அம்மணி அசரவில்லை. டூரின் நகரத்தில் தன் படுக்கையறையையே லேப் ஆக்கி, கோழி முட்டைக்குள் இருக்கும் கருவில் நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பின்னாளில் அமெரிக்காவில், நரம்புகளை வளரவைக்கும் ஒரு பொருள் உடம்பிலேயே சுரக்கிறது என்று நிரூபித்தார். அதற்கு 1986-ல் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் பரிசு. நமக்கு இன்டர்நெட் ஸ்லோ என்றாலே பிராஜெக்ட் நின்றுவிடுகிறது!

அவர் வேலையிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான். நியூரான் தானாக வளர்ந்துவிடுவதில்லை. சுற்றி இருக்கிற ரசாயனம் சொல்வதைக் கேட்டுத்தான் வளர்கிறது, திரும்புகிறது, நிற்கிறது. சரியான நேரத்தில் சரியான தகவல் வரவேண்டும்.

அப்படியானால் தப்பான தகவல் வந்தால்?

இந்தக் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். வளரும் மூளையைக் கெடுப்பவை என்று ஒரு பட்டியல் வந்தது. மது. அயோடின் குறைவு. சில தொற்று நோய்கள். அப்புறம், காரீயம்.

அந்த வார்த்தையில் நின்றுவிட்டேன்.

ஏனென்றால் என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வேலை பார்ப்பது எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பேட்டரி கம்பெனியில். பேர் வேண்டாம். இன்வெர்ட்டர், லாரி, பைக் பேட்டரிகள் மூட்டை மூட்டையாக வரும். அதை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத் தட்டுகளை எடுத்து உருக்கி, மறுபடி பாளமாக வார்ப்பார்கள். மாமா கான்ட்ராக்ட் ஆள். மாஸ்க் கொடுப்பார்கள். உலைச் சூட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் அதைப் போட முடியாது என்பார். ஷிஃப்ட் முடிந்ததும் அதே சட்டையோடு பைக் எடுத்து வீட்டுக்கு வந்துவிடுவார்.

அக்கா தினமும் அந்தச் சட்டையை வாங்கி, பின்கட்டில் நின்று நன்றாக நாலு உதறு உதறுவாள். "தூசு போனாத்தான் சோப்பு நுரை வரும்." அப்புறம் எல்லார் துணியோடும் சேர்த்து ஊறப்போடுவாள். முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் வரும். நானே எத்தனையோ நாள் அந்தத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன். சட்டென்று யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

காரீயம் என்ன செய்யும் தெரியுமா? நியூரான்கள் ஒன்றோடொன்று பேச கால்சியம் வேண்டும். காரீயம், அந்தக் கால்சியத்துக்கு டூப்ளிகேட் சாவி மாதிரி. கால்சியம் நுழைகிற பூட்டுகளில் சிலவற்றில் இதுவும் நுழைந்துவிடும். ஆனால் கதவு சரியாகத் திறக்காது. கற்பதற்கும் ஞாபகத்துக்கும் முக்கியமான வாசல்கள் சில அடைத்துக்கொள்ளும். தொப்புள்கொடி வழியாக அம்மாவிடமிருந்து குழந்தைக்கும் போகும். எலும்பில் போய் வருஷக்கணக்கில் உட்காரும். கர்ப்ப காலத்தில், குழந்தைக்காக அம்மாவின் எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறபோது, கூடவே இதுவும் இறங்கி ரத்தத்தில் கலக்கும்.

இது பயமுறுத்தலுக்காகச் சொல்வதில்லை, அளந்து பார்த்த விஷயம். 1979-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அதில் இருந்த காரீயத்தை அளந்தார். பல்லில் காரீயம் அதிகம் இருந்த பிள்ளைகள், அறிவுத்திறன் தேர்விலும் கவனத்திலும் பின்தங்கியிருந்தார்கள். அவர்களில் யாரும் பார்வைக்கு நோயாளி இல்லை. ஓடியாடுகிற சாதாரணப் பிள்ளைகள்தான்.

'அது அமெரிக்கா' என்று தள்ள முடியாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 700-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம்! அளவு கூடக் கூட, டீச்சர்கள் பார்த்துச் சொன்ன கவனக் குறைவும் பதற்றமும் கூடியிருந்தன. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-த்திலேயே நின்றுவிட்டது. ஆனால் பழைய பேட்டரி, சில பெயின்ட், சில பாத்திரங்கள் என்று அது வேறு வழிகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் என்ன செய்திருக்கணும்? நிதானமாக யோசித்திருக்கணும். நான் என்ன செய்தேன்? அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால், எல்லார் நடுவிலும், செமினார் எடுத்தேன்.

"மாமா, நீங்க கொண்டு வர்ற தூசு குழந்தை மூளையைப் பாதிக்கும். ஆராய்ச்சியே இருக்கு!"

மாமா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். "சரிம்மா. நாளையிலேருந்து வேலைக்குப் போகல. டெலிவரி செலவுக்கும் பைக் டியூவுக்கும் எந்த ஆராய்ச்சி பணம் குடுக்கும், அதையும் கேட்டுச் சொல்லிடு."

அம்மா என் மேல் பாய்ந்தாள். "மாசமா இருக்குறவ எதிர்ல பேசுற பேச்சாடி இது? நாங்கல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தான் ஆக்கித் தின்னோம். எங்களுக்கு மூளை இல்லியா?"

அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு வேறு உலோகம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. மாமா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார்.

நடுராத்திரி அக்கா என்னை எழுப்பினாள். "உள்ள இருக்குறதுக்கு... ஏற்கெனவே ஏதாவது ஆகியிருக்குமாடி?"

ஃப்ரெண்ட்ஸ், ஐந்து யூனிட் வைவாவில்கூட நான் இப்படித் திணறியது இல்லை. என்னிடம் 5,132 சீவல் இருந்தது, 1979 இருந்தது, 2009 இருந்தது. அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. அவளைத் தூங்கவிடாமல் செய்தேன், அவ்வளவுதான் நான் சாதித்தது.

மறுநாள் யோசித்தபோது ஒன்று புரிந்தது. நான் சொன்னதில் தகவல் சரி. ஆனால் அதைக் கேட்டவர்கள் செய்யக்கூடியதாக ஒன்றுமே அதில் இல்லை. 'உன் குழந்தை மூளை போச்சு' என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? 'சட்டையை உதறாதே' என்றால் செய்யலாம்.

அதனால் இரண்டாவது முறை அக்காவிடம் தனியாகப் போனேன். "உதறாதே. தொடாதே. அவரே கழற்றி, தண்ணி நிறைஞ்ச தனி பக்கெட்ல முக்கட்டும். அவ்ளோதான்." அதற்கு அவள் தலையாட்டினாள்.

அடுத்த செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். அக்காவின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணவர் தொழில் என்ற இடத்தில் 'கம்பெனி' என்று எழுதியிருந்தது. நம்ம ஊரில் எல்லோரும் சொல்வது அதைத்தானே? ரோலிங் மில்லில் இரும்பு உருட்டுகிறவரும் கம்பெனி. பெயின்ட் கலக்குகிறவரும் கம்பெனி. ஏ.சி. ரூமில் டைப் அடிக்கிறவரும் கம்பெனி. பொண்ணு பார்க்க வரும்போதும் 'மாப்பிள்ளை கம்பெனியில இருக்கார்' என்றால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன தூசு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

நான்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மேடம், பழைய பேட்டரி உருக்குற கம்பெனி." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரத்தத்தில் காரீயம் பார்க்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். "அவரும் எடுக்கணும்" என்றார்.

மாமா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிசல்ட் வர சில நாள் ஆனது. அக்காவுக்கு 8.2. மாமாவுக்கு 34. அளவு 5-ஐத் தொட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வழிமுறை. மாமாவுக்கு அடிக்கடி வரும் தலைவலியும் வயிற்றுப் பிடிப்பும், கேஸ் டிரபிள் என்று நாங்கள் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தது, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

அக்கா அழாமல் அதே கேள்வியைக் கேட்டாள். டாக்டரம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த நம்பரை வெச்சு உன் குழந்தைக்கு இப்படி ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆயிரம் பிள்ளைங்களைச் சேர்த்துப் பார்த்தா தெரியுற வித்தியாசம் இது. ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொல்ற ஜோசியம் இல்ல. ஆனா இந்த நம்பரை நம்மால இறக்க முடியும். அதைப் பண்ணுவோம்."

நான் தேடித் தேடிப் படித்தும் கிடைக்காத பதில் அது!

அப்புறம் எங்கள் வீட்டில் புது ரூல்ஸ். வேலைச் சட்டை தனிப் பையில், தனி பக்கெட்டில். செருப்பு வாசலுக்கு வெளியே. மாமா தலைக்கு ஊற்றிக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வருவார். தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசு கிளப்பாமல், ஈரத் துணியால் துடைப்பது. பைக் டேங்கையும் சீட்டையும்கூடத் துடைப்போம். டாக்டரம்மா கொடுத்த கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை அக்கா ஒரு நாள்கூட விடவில்லை. உடம்பில் அந்த இரண்டும் குறைந்தால், காரீயம் இன்னும் எளிதாக உள்ளே ஏறும். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் தினமும் வந்தது. நானும் சேர்ந்து மாட்டிக்கொண்டேன்!

மாமா வேலையை விடவில்லை. விடவும் முடியாது. ஆனால் 34 என்ற நம்பரைப் பார்த்த பிறகு அவர் சும்மாவும் இல்லை. கூட வேலை பார்க்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, குளிக்க ஒரு இடம் வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டார். அதில் இரண்டு பேர் ஒடிசா பசங்க. ஒருவருக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை, இங்கேயே ஒரே ரூமில் கூட இருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். பெரியவர்களைப்போல நாலைந்து மடங்கு காரீயத்தை அவர்கள் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்று நான் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை, மாமா அவரிடம் ஹிந்தியும் தமிழும் கலந்து விளக்கினாராம். மூன்று வாரம் கழித்து ஒரு பழைய ஷெட்டில் இரண்டு குழாய் போட்டுக் கொடுத்தார்கள். கதவு இல்லை, தார்ப்பாய்தான். ஆனாலும் தண்ணீர் வருகிறது.

அப்புறம் மாமா உலைப் பக்கத்திலிருந்து லோடிங் பக்கம் மாறினார். ஓ.டி. போச்சு, மாசம் மூவாயிரம் ரூபாய் குறைவு. அந்த மூவாயிரத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு மாசம் கழித்து மறுபடி டெஸ்ட். ரத்தத்தில் இருக்கும் காரீயம் பாதியாகக் குறைய சுமார் ஒரு மாசம் ஆகும், ஆனால் எலும்பில் இருப்பது இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு மேல் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அக்காவுக்கு 5.4. மாமாவுக்கு 29. சினிமாவில் வருகிற மாதிரி பூஜ்யம் ஆகவில்லை. ஆனால் கீழ்நோக்கித்தான் போகிறது.

2025 ஜூன் கடைசியில் குழந்தை பிறந்தது. பெண். இப்போது ஆறு மாசம் முடிந்துவிட்டது. டம்ளரால் தரையில் தட்டித் தட்டி வீட்டையே கூட்டிவிடுகிறாள். அக்கா ஒவ்வொரு நாளும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள். குப்புற விழுந்தாளா, பேர் சொன்னால் திரும்புகிறாளா, எல்லாமே பரீட்சை மாதிரி. நான் சொல்வேன்: "ரிலாக்ஸ்கா. மூளை இன்னும் கட்டி முடியல. மூணு வயசுக்குள்ளதான் பெரியவங்க மூளை அளவுல முக்கால்வாசிக்கு மேல வரும். நீ பேசு, பாடு, கொஞ்சு. அதுவும் அதுக்குச் சாப்பாடுதான்." சொல்லிவிட்டு நானும் திருட்டுத்தனமாக அவள் திரும்புகிறாளா என்று பார்ப்பேன். நிஜத்தைச் சொல்கிறேன், எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே வளர்க்கிறோம்.

சில ராத்திரிகளில் தரணியின் அந்த 17-வது வாரப் படத்தைத் திறந்து பார்ப்பேன். அது யாரோ ஒரு அம்மாவுக்குப் பிறக்காமல் போன குழந்தை. அந்த வீட்டிலும் யாரோ அழுதிருப்பார்கள். அதிலிருந்துதான், நல்லபடியாக வளரும் மூளை எந்த வாரத்தில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியவருகிறது. எது எங்கே இருக்கவேண்டும் என்று தெரிந்தால்தானே, எது தடம் மாறியது என்று கண்டுபிடிக்க முடியும்? நம்ம லேபில் சர்க்யூட் டயக்ராம் இல்லாமல் ஃபால்ட் தேடச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் தரணியின் அருமை.

கடைசியாக ஒன்று, உங்களிடம். நம்மில் நிறைய பேர் வீட்டில் அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ 'கம்பெனி'யில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், அம்பத்தூர், ஓசூர், எந்தத் தொழிற்பேட்டையாக இருந்தாலும் சரி. நாமும் நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூ முடித்து அங்கேதான் போகப்போகிறோம். நாம் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன், நாம் போடும் பிளானில் ஒரு குளியலறை இருக்கிறதா இல்லையா என்பது, நாம் பார்க்கவே போகாத ஒரு குழந்தையின் தலைக்குள் போய்ச் சேரும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கம்பெனியில உங்க மேல என்ன தூசு படுது?"

சாப்பாட்டுத் தட்டு முன்னால் வேண்டாம். அவர் குளித்துவிட்டு வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்னைப்போல செமினார் எடுக்காதீங்க, ப்ளீஸ்!